ஒன்பதாவது வாரம்

அவர்கள் வந்து உட்கார்ந்து முக்கால் மணி நேரம் ஆகிறது, அறுபது எழுபது சேலை பிரித்துப் போட்டாயிற்று, மாதேஸ் இன்னும் மோகனாவை நேருக்கு நேர் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லையா, பார்க்கக் கூடாது என்று இருக்கிறானா என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. இடது கன்னத்தைச் சுவர்ப் பக்கமும் வலது கன்னத்தை வாடிக்கையாளர் பக்கமும் வைத்துக்கொண்டே நிற்பதும் குனிவதும் அலமாரியில் கை நீட்டுவதுமாக ஒரு வித்தை இருக்கிறதே, அது ஒன்றும் லேசுப்பட்டது இல்லை. வலது பக்கம் நாலு பரு, இடது பக்கம் பதினொன்று, தாடைக்குக் கீழே கழுத்தை ஒட்டிப் புதிதாகக் கிளம்பியது இரண்டு. காலையில் கண்ணாடியில் எண்ணிவிட்டுத்தான் வந்தான். இருபத்தேழு வயசு ஆம்பளை பருவை எண்ணுகிறான் என்று தெரிந்தால் ஊர் சிரிக்கும், சிரிக்கட்டும், ஊருக்கு என்ன, அதன் கன்னம் வழுவழுவென்றுதானே இருக்கிறது. சேலம் கடைவீதியில் இந்தக் கடையின் இரண்டாம் மாடி முழுக்கப் பட்டு, தரையில் மெத்தை போட்டு வெள்ளைத் துணி விரித்திருக்கும், வருகிறவர்கள் சம்மணம் போட்டு உட்கார வேண்டும், மாதேஸ் மாதிரி ஆட்கள் நின்று விசிற வேண்டும். முகூர்த்தச் சேலை எடுப்பது மாப்பிள்ளை வீட்டார் பாடு என்பதால் நடுநாயகமாக உட்கார்ந்திருப்பது மாப்பிள்ளையின் அம்மா, அந்தம்மாவுக்குப் பக்கத்தில் கையில் போனோடு மாப்பிள்ளையின் தங்கச்சி அமுதா, மெத்தையின் ஓரத்தில், ஏதோ பந்தியில் இடம் கிடைக்காதவள் மாதிரி ஒடுங்கிக்கொண்டு, கல்யாணப் பெண் மோகனா. மோகனாவின் அம்மாவுக்கு முட்டி வலி, படியேற முடியாது, கீழே நாற்காலி போட்டு உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். ஒரு மாசத்துக்கு முன்னால் வரைக்கும் இதே மாடியில், அதோ அந்த மேட்சிங் ஜாக்கெட் துணி கவுண்டரில் நின்றுகொண்டிருந்த பெண்தான். இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறாள், அவன் நிற்கிறான்.

வந்ததும் வராததுமாக மோகனா, "அண்ணா, அத்தை அந்த மயில் கழுத்துக் கலர் கேக்கறாங்கண்ணா" என்றாள். அண்ணாவாம்! மாதேஸுக்குக் கை அப்படியே அலமாரியில் நின்றுவிட்டது. இந்தக் கடையில் வேலை பார்க்கிற பெண் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அவன் அண்ணன்தான், நேற்றுச் சேர்ந்த பிள்ளைகூட மாதேஸண்ணா சாப்ட்டீங்களா என்றுதான் கேட்கும், அதில் அவனுக்கு ஒரு வருத்தமும் இல்லை. மோகனா மட்டும் மூன்று வருஷமாக அப்படிக் கூப்பிட்டதில்லை. "இங்க பாருங்க" என்பாள், "ஏங்க" என்பாள், ரொம்ப அவசரம் என்றால் "மாதேஸ்!" என்று குரல் கொடுப்பாள். ஒருத்தி தன்னை அண்ணா என்று கூப்பிடாததை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் மூன்று வருஷம் ஓட்ட முடியுமா? ஓட்டினானே. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே நினைத்துக்கொண்டு போவான், கூப்பிடலையே, இன்னைக்கும் கூப்பிடலையே என்று. இன்றைக்கு மாமியார்க்காரி பக்கத்தில் இருக்கிறாள், நாத்தனார் இருக்கிறாள், வேறு எப்படித்தான் கூப்பிடுவாள், பாவம், ஏங்க என்றா கூப்பிட முடியும், புத்தி இருக்கிறவனுக்கு இது புரியாதா. புரிகிறது. புரிந்தும் அந்த அண்ணா காதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. முன்பெல்லாம் மேட்சிங் துணியோடு அவள் வருவாள், "டியூப் லைட்டுல எல்லாக் கலரும் பொய் சொல்லும், ஜன்னல்ட்ட வாங்க" என்பாள், இரண்டு பேரும் மாடிப்படி ஜன்னலுக்குப் போவார்கள், சேலை முந்தானையை அவன் பிடிக்க ஜாக்கெட் துணியை அவள் அதன்மேல் வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள், அவளுக்குத் துணி, அவனுக்கு அவள் கை, அவள் தலையில் வைத்த பூ வாடத் தொடங்குகிற வாசனை, அதுவும் வலது கன்னத்தை மட்டும் காட்டிக்கொண்டு. அந்த ஜன்னலில்தான் ஒருநாள், துணியைப் பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று தலையைத் தூக்கி, அவன் தாடைக்கு ஒரு விரற்கடை தூரத்தில் விரலைக் கொண்டுவந்து, "இங்க ஒண்ணு பழுத்திருக்கு பாருங்க, கிள்ளிராதீங்க, தழும்பாயிரும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எப்படிச் சொன்னாள், அக்கறையாகவா, அருவருப்பாகவா, ஒரு சாதாரண விஷயமாகவா, அதை அவன் ஆயிரம் தடவை திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்த்துவிட்டான், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகக் கேட்கிறது. விரல் மட்டும் தொடவில்லை என்பது நிச்சயம்.

அன்று சாயங்காலமே மெடிக்கலுக்குப் போனான். வெள்ளைக் களிம்பு ஒரு டியூப், முகம் கழுவ ஒரு டியூப், துத்தநாக மாத்திரை ஒரு அட்டை. மெடிக்கல்காரர் நல்ல மனுஷன், சீட்டு கேட்கவில்லை, சிரிக்கவும் இல்லை. "பட்டாணி அளவு எடுத்து மெல்லிசா தடவுங்க, ராத்திரி மட்டும், காலைல நல்லா கழுவிருங்க. எட்டு வாரத்துலேர்ந்து பன்னெண்டு வாரம் ஆகும். அவசரப்பட்டு அப்பிக்கிட்டீங்கன்னா பரு போகாது, தோல்தான் உரியும்." எட்டு வாரம். மாதேஸ் அன்றைக்கே காலண்டரில் எண்ணிவிட்டான், ஆவணியில் வந்து நின்றது, ஆவணி நல்ல மாசம், முகூர்த்த மாசம், ஆவணியில் முகம் தெளிந்துவிடும், தெளிந்த அன்றைக்கு ஜன்னலில் வைத்து இரண்டு கன்னத்தையும் காட்டி நேராக நின்று மோகனாகிட்ட சொல்லிவிட வேண்டியதுதான். என்ன சொல்வது என்பதையும் எட்டு விதமாகத் தயார் பண்ணி வைத்திருந்தான். இந்த மூஞ்சியோடு எப்படிச் சொல்வது, மூஞ்சி முதலில், பேச்சு அப்புறம், அதுதான் அவன் போட்ட கணக்கு, கேட்கக் கேட்க நியாயமாகத்தான் இருந்தது. மாத்திரையை முதல் நாள் வெறும் வயிற்றில் போட்டுத் தொலைத்துவிட்டு பஸ் ஐந்து ரோடு ஸ்டாப்புக்கு வருவதற்குள் குமட்டி, கண்டக்டர் "சரக்காப்பா, காலங்காத்தால?" என்று கேட்டார். மூன்றாவது வாரம் எல்லாம் ஒரேயடியாகச் சிவந்து உரிந்தது. நாலாவது வாரம் நெற்றி கொஞ்சம் அடங்கின மாதிரி இருந்தது, அன்றைக்கு பஸ்ஸில் உட்கார்ந்தே பாட்டு முணுமுணுத்தான். ஐந்தாவது வாரம் ஸ்வீட் பெட்டியோடு மோகனா வந்தாள். மாப்பிள்ளைக்கு ஓசூரில் கம்பெனி வேலை, நல்ல இடம், வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள், இந்த வாரத்தோடு நிற்கிறேன் என்று கவுண்டர் கவுண்டராகப் போய்ச் சொன்னாள். அவனிடம் வந்தபோது பெட்டியில் இரண்டு மைசூர்பாகு மிச்சம் இருந்தது. "ரெண்டையும் எடுத்துக்கங்க" என்றாள். அவன் எடுத்துக்கொண்டான். எடுத்துக்கொண்டு, எண்ணெய்ப் பலகாரம் பருவுக்கு ஆகுமா என்று ஒரு நொடி யோசித்தான் பாருங்கள், அதை நினைத்தால் இப்போதும் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. அதோடு டியூபைத் தூக்கி எறிந்திருக்க வேண்டியதுதானே? எறியவில்லை. ஆறாவது வாரம், ஏழாவது, எட்டாவது, ராத்திரி தவறாமல் தடவினான், யாருக்காகடா தடவுற என்று கண்ணாடியே கேட்டது. நிறுத்தினால் எல்லாம் முடிந்துவிட்டது என்று ஆகிவிடும், தடவுகிற வரைக்கும் இன்னும் ஏதோ ஒன்று வர வேண்டியிருக்கிற மாதிரி.

நேற்று மேனேஜர் லோகநாதன் அண்ணன் வந்து, "நாளைக்கு நம்ம மோகனா வீட்டு ஆளுங்க வர்றாங்கடா, முகூர்த்தச் சேலை, நம்ம பொண்ணு, நீதான் நின்னு காட்டணும்" என்றார். ராத்திரி தடவியது போதாதென்று காலையில் எழுந்து கழுவிவிட்டு மறுபடியும் அப்பினான். பட்டாணியாவது, எலுமிச்சங்காய் அளவுக்கு. ஒன்பது வாரத்தில் போகாதது ஒன்பது மணிக்குள் போய்விடும் என்று நினைத்தானோ என்னமோ. தாடை, கழுத்து, காதுக்குக் கீழே எல்லாம். எரிய ஆரம்பித்ததும் கழுவப் பயம், கழுவினால் உரிந்தது தெரியும், அதன் மேலேயே பவுடர் போட்டு அமுக்கிக்கொண்டு வந்துவிட்டான். வந்து இப்போது மின்விசிறிக்கு நேராக நிற்க முடியாமல், ஏசியும் இந்தப் பக்கம் எட்டாமல், கழுத்தில் வியர்வை இறங்கி, வியர்வை பட்ட இடமெல்லாம் சுள் சுள்ளென்று, "ஏம்ப்பா, கையில வச்சுக் காட்டுனா எங்களுக்கு என்ன தெரியும்?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்பது எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிறது. "தோள்ல போட்டுக் காட்டுங்கண்ணா, உடம்புல போட்டாத்தான பார்டர் எப்படி விழுதுன்னு தெரியும்" என்கிறாள் அமுதா. தோளில் போடுவதில் அவனை அடிக்க இந்த மாடியில் ஆள் கிடையாது. ஒரு உதறு உதறி மடிப்பு வைத்து மார்பின் குறுக்கே இழுத்து முந்தானையை இடது தோளில் தள்ளினான் என்றால் மீசை வைத்த பொம்பளை மாதிரி நிற்பான், வந்தவர்கள் சிரித்துக்கொண்டே வாங்கிவிடுவார்கள். ஆனால் இந்த ஒன்றரை மாசமாக அவன் யாருக்கும் தோளில் போட்டுக் காட்டவில்லை. காரணம் லோகநாதன் அண்ணனுக்குத் தெரியாது, வீட்டில் அம்மாவுக்கும் தெரியாது. முதலில் வெளுத்தது நீலத் துண்டு. "என்னடா இது, பேய் நக்குன மாதிரி திட்டுத் திட்டா" என்று அம்மா சோப்புத்தூள் விற்ற கடைக்காரரோடு போய்ச் சண்டை போட்டது. அப்புறம் தலையணை உறை, அப்புறம் காக்கிச் சட்டைக் காலர். அதற்கப்புறம்தான் டியூப் பெட்டிக்குள் பொடி எழுத்தில் மடித்து வைத்திருந்த காகிதத்தை விரித்துப் படித்தான், சாயத் துணியில் பட்டால் வெளுக்கும் என்று அதில் போட்டிருந்தது. பட்டதும் தெரியாது, அதுதான் அதில் உள்ள கள்ளத்தனம். ஈரத்தோடு பட்டு, காய்ந்து, மறுநாள் பார்த்தால் அந்த இடத்தில் நிறம் இருக்காது. துவைத்தாலும் வராது, எதைப் போட்டாலும் வராது.

"சீக்கிரம்ப்பா" என்றது அந்தம்மா. எடுத்தது வாடாமல்லிக் கலர், உடம்பு முழுக்கச் சின்னச் சின்னப் பொட்டு, கையகல ஜரிகை. தோளில் போட்டான். மெத்தையில் ஓரமாகக் குனிந்து விரித்த சேலையின் குஞ்சத்தை முறுக்கிக்கொண்டிருந்த மோகனா தலையைத் தூக்கினாள். முக்கால் மணி நேரத்தில் முதல் தடவையாக, யாரும் கேட்காமல், "இது" என்றாள். "இது நல்லா இருக்கு அத்தை." இவ்வளவு நேரம் எதைக் காட்டினாலும் உங்க இஷ்டம் அத்தை, உங்க இஷ்டம் அத்தை என்றவள். "அட, வாயத் தொறந்துட்டாங்களே அண்ணி!" என்று அமுதா போனை எடுத்தாள். "அண்ணனுக்கு அனுப்புறேன். அண்ணா, நீங்க கொஞ்சம் தலைய அந்தப் பக்கம் திருப்பிக்கங்க. இன்னும் கொஞ்சம். மூஞ்சி வராம எடுக்கறேன், சேலை வந்தாப் போதும்." மாதேஸ் திருப்பிக்கொண்டான். மூஞ்சி வராமல் எடுப்பது ஒன்றும் புதிது இல்லை, கடையில் எல்லோரும் அப்படித்தான் எடுப்பார்கள், வழுவழு மூஞ்சிக்காரனையும் வெட்டித்தான் எடுப்பார்கள், இதில் மனசு கோண ஒன்றும் இல்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டே திருப்பியதில் முந்தானை சரிய, சரிந்ததைத் தாடையால் அமுக்கிப் பிடித்தான். கை இரண்டும் மடிப்பில் இருந்தது, பழக்கதோஷம், எத்தனை வருஷத்துப் பழக்கம், தாடையும் தோளும் தானாகவே கவ்விக்கொண்டன. பட்டு ஜில்லென்று கழுத்தில் ஒட்டியது. ஒரு நொடி எரிச்சல்கூட அடங்கினாற்போல சுகமாக இருந்தது. அப்புறம்தான் அவனுக்கு மருந்து ஞாபகம் வந்தது.

சேலையை எடுத்துப் பார்த்தான், வாடாமல்லி வாடாமல்லியாகத்தான் இருந்தது. கொஞ்சம் ஈரம், கொஞ்சம் பவுடர், விரலால் தட்டினால் போய்விட்டது. ஒன்றுமே நடக்காத மாதிரி. யாரும் பார்க்கவில்லை. அமுதாவின் போனில் டிங் என்று பதில் வந்தது, "அண்ணனுக்கும் ஓகேவாம்!" அந்தம்மா கையைத் தொடையில் தட்டி, "அப்ப இதையே போட்டுருப்பா, பேக் பண்ணு" என்றது. பேக் பண்ணலாம். மடித்து, அட்டை வைத்து, மஞ்சள் குங்குமம் தடவிப் பெட்டியில் போட்டுக் கொடுத்துவிடலாம். நாளைக்கோ மறுநாளோ பெட்டிக்குள் இருட்டில் சத்தம் போடாமல் அது வெளுக்கும். கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. விடியற்காலையில் மணவறைக்குக் கட்டிவிடும்போது யாராவது விரித்துப் பார்ப்பார்கள், முந்தானைக்குச் சற்று மேலே, தோள் விழுகிற இடத்தில், மாதேஸின் தாடை அளவுக்கு ஒரு வெளிறிய இடம். சாயம் சரியில்லை என்பார்கள், நெசவு செய்தவனைத் திட்டுவார்கள், கடையைத் திட்டுவார்கள், அவனை யார் நினைக்கப்போகிறார்கள். மோகனா அதன்மேல்தான் மாலை போட்டுக்கொள்வாள். அந்த இடம் அவள் தோளில், தோலுக்கு இந்தப் பக்கம், நாள் முழுக்க இருக்கும். மூன்று வருஷத்தில் ஒரு விரற்கடை தூரத்தில் நின்றுபோனது இப்படியாவது போய்ச் சேரட்டுமே. ஐயையோ, என்ன நினைப்புடா இது என்று உடனே உடம்பு கூசியது, கூசியும் அந்த நினைப்பு விடவில்லை, நாக்கில் வைத்த வெல்லம் மாதிரி கரைந்துகொண்டே இருந்தது. தாலி கட்டுகிற சேலையில் கறை என்றால் அந்தம்மா சும்மா விடுமா, பார்வையைப் பார்த்தாலே தெரிகிறதே, சகுனம் என்று சொல்லும், பொண்ணு வந்த ராசி என்று சொல்லும், ஒருநாள் இல்லை, உப்பு குறைந்த நாளெல்லாம் சொல்லிக் காட்டும். வாயைத் திறந்து அவள் கேட்ட ஒரே சேலை. அப்படியென்றால் சொல்ல வேண்டும். என்னவென்று? மருந்து போட்டிருக்கிறேன் என்று. எங்கே என்று கேட்பார்கள். இங்கே என்று காட்ட வேண்டும். இத்தனை நாளாக எந்தக் கன்னத்தைச் சுவருக்குக் கொடுத்தானோ அதைத் திருப்பி, உரிந்து சிவந்து பவுடர் திட்டுத் திட்டாக நிற்கிறதை, மாப்பிள்ளை வீட்டார் முன்னால், மோகனா முன்னால். ஆவணியில் ஜன்னலில் தெளிந்த முகத்தோடு என்று வைத்திருந்தானே. "என்னப்பா மசமசன்னு நிக்கற?" என்றது அந்தம்மா.

"இது வேண்டாம்மா, சாயம் நிக்காது" என்றான். அவனுக்கே கேட்காத குரல். இரண்டு கவுண்டர் தள்ளி நின்ற லோகநாதன் அண்ணனுக்கு அது மட்டும் எப்படித்தான் கேட்டதோ, "யார்ரா அவன், நம்ம சரக்கையே சாயம் நிக்காதுங்கறவன்?" என்று விறுவிறுவென்று வந்துவிட்டார். "அம்மா, இது சுத்தமான சாயம்மா, நான் கேரண்டி. இவனுக்கு இன்னைக்கு என்னமோ ஆயிருச்சு." மோகனா, "எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு" என்றாள், மெதுவாக, சேலையைப் பார்த்துக்கொண்டு. அதற்கு மேல் மாதேஸால் முடியவில்லை. "சாயம் நல்ல சாயம்தாங்க" என்றான். "எம்மேல பட்டுருச்சு. பருவுக்கு மருந்து போட்டிருக்கேன். இந்தா, இங்க. இது பட்டா துணி வெளுத்துரும். இப்பத் தெரியாது, நாளைக்கு இந்த இடத்துல வெள்ளையாத் தெரியும். கல்யாணச் சேலை, வேண்டாம்." சொல்லிக்கொண்டே சுவரை விட்டுத் திரும்பி, இடது கன்னத்தையும் தாடையையும் கழுத்தையும் டியூப் லைட்டுக்கு நேராகக் காட்டினான். அந்தம்மா, "அடக் கருமமே" என்று விரித்த சேலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டது. அமுதா போனை மடியில் வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள், பார்த்துவிட்டு உடனே வேறெங்கோ பார்த்தாள். லோகநாதன் அண்ணன் சேலையைப் பிடுங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாதேஸ் தலையைக் குனியத்தான் நினைத்தான், ஆனால் மோகனா பார்த்துக்கொண்டிருந்தாள். துணியைப் பார்க்கிற மாதிரி கண்ணைச் சுருக்கவில்லை. நெற்றியில் ஆரம்பித்துக் கழுத்து வரைக்கும், ஒன்று விடாமல், நிதானமாகப் பார்த்தாள். எட்டு விதமாகத் தயார் பண்ணி வைத்திருந்ததில் ஒன்றுகூட அவனுக்கு ஞாபகம் வரவில்லை. "எரியுதா?" என்று கேட்டாள். "ஆமா மோகனா" என்றான், "ரொம்ப எரியுது." அப்புறம் லோகநாதன் அண்ணன்தான் சுதாரித்துக்கொண்டு, "ஒண்ணும் பிரச்சனை இல்லம்மா, இதே கலர், இதே டிசைன், கீழ ஸ்டாக்குல இன்னொரு பீஸ் இருக்கு, பிரிக்காத பீஸ், ரெண்டே நிமிஷம்" என்று படியைப் பார்த்துக் குரல் கொடுக்கத் திரும்பினார். "வேண்டாங்கண்ணா" என்றாள் மோகனா. "ஏண்டி, இப்பத்தான பிடிச்சிருக்குன்ன?" என்று அந்தம்மா கேட்டது. "அந்தக் கலர் வேண்டாம் அத்தை" என்றாள், "அது மட்டும் வேண்டாம். நீங்க வேற எது எடுத்துக் குடுத்தாலும் கட்டிக்கறேன்."